கேட்காமல் நேர்ந்துவிடப்பட்ட ஹவில்தார்

தேவிரக்கம் கையில் சேவலைப் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான் அவர் மனைவி எப்சிபா அவரைக் கோயிலுக்குக் கொடுத்தாள்.

கொடுத்தாள் என்பது பேச்சுக்குச் சொல்கிற வார்த்தை இல்லை. நன்மைபுரம் கோயிலில், ஸ்தோத்திரப் பண்டிகை ஆராதனையில், ஊரே பார்த்திருக்க, மைக்கைப் பிடித்துச் சொல்லிக் கொடுத்தாள். அப்படியும் ஒரு பெண்பிள்ளை செய்வாளா என்று கேட்பவர்கள் கேட்டுக்கொள்ளட்டும். செய்தாள். பார்த்தவர்கள் எல்லாரும் உயிரோடுதான் இருக்கிறார்கள்.

தென்காசியிலிருந்து குற்றாலத்துக்குப் போகிற ரோட்டை விட்டு உள்ளே தள்ளி, வயலுக்கும் வாழைக்கும் நடுவில் இருக்கிற வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள் ஊர் நன்மைபுரம். மலையில் சாரல் இறங்குகிற மாதத்தில் அங்கே ஸ்தோத்திரப் பண்டிகை வரும். அவரவர் விளைச்சலில், வளர்ப்பில் நல்லதாக ஒன்றை எடுத்துக்கொண்டு வரிசையாகப் போய்ப் பீடத்துக்கு முன்னால் வைப்பார்கள். வாழைத்தார், பலாப்பழம், பெட்டி நெல், கோழி, ஆட்டுக்குட்டி. தையல்காரி ஒருத்தி தான் தைத்த சின்னப்பிள்ளைக் கவுனைக் கொண்டுவந்து வைத்ததுகூட உண்டு. ஆராதனை முடிந்ததும் எல்லாம் வாசலில் ஏலத்துக்கு வந்துவிடும்.

தேவிரக்கம் பட்டாளத்திலிருந்து ஹவில்தாராக ஓய்வுபெற்று வந்த பிறகு வருகிற முதல் பண்டிகை அது. வீட்டுச் சிவப்புச் சேவலை எப்சிபாதான் அவர் கையில் கொடுத்து முன்னால் போகச் சொன்னாள். அவள் பின்னாலேயே வந்தாள். வந்தவள் வெறுங்கையோடு வந்தாள். அதை அவர் கவனிக்கவில்லை. பீடத்துக்கு முன்னால் போனதும் அவள் ஐயரிடம் கையை நீட்டி மைக்கைக் கேட்டாள். அந்தப் பக்கத்து வேதக்காரர்கள் பாதிரியாரை ஐயர் என்றுதான் சொல்வார்கள். சாட்சி சொல்லப்போகிறாள் என்று நினைத்து ஐயரும் கொடுத்துவிட்டார்.

"பதினோரு வருசத்துக்கு முன்ன எங்க வீட்டு அவுகளைப் பனி மூடிட்டுன்னு செய்தி வந்திச்சு" என்றாள் எப்சிபா. "அன்னைக்கி இந்தக் கோயில்ல நின்னு ஒரு பொருத்தனை பண்ணேன். அவுகளை உசிரோட தந்தா, பட்டாளம் முடிஞ்சு வந்த பொறவு, காலம் பூரா இந்தக் கோயிலுக்கு மணி அடிக்க அவுகளைக் குடுத்திருதேன்னு. வந்துட்டாவ. பென்சனும் வந்துட்டு. இன்னைக்கிக் குடுக்கேன். ஸ்தோத்திரம்."

"ஸ்தோத்திரம்" என்றது சபை, பழக்கத்தில். சொன்ன பிறகுதான் எதற்குச் சொன்னோம் என்று உறைத்தது. தேவிரக்கத்தின் விரல்கள் தாமாகவே விரிந்துவிட்டன. சேவல் துள்ளிப் பறந்து, பாடகர் குழுவின் கீபோர்டு மேல் இறங்கி, கட்டைகளை மிதித்துக்கொண்டு ஓடியது. கண்டபடிக்கு எழுந்த அந்த இசையில்தான் எல்லாருக்கும் மூச்சு வந்தது.

தேவிரக்கத்துக்கு மட்டும் வரவில்லை. மலைப்பாதையில் ராணுவ லாரி ஓட்டிய மனுசன். பிரேக் பிடிக்காமல் சரிந்த வண்டியைப் பாறையில் உரசி நிறுத்தியவர். அப்படிப்பட்டவர் துணை தேடுகிறவர்போலப் பெண்கள் பக்கம் திரும்பிப் பார்த்தார். அவர் மகள் ஜாய், திருநெல்வேலியில் நர்சிங் படிக்கிறவள், பண்டிகைக்காக வந்திருந்தாள். அவளும் வாயைக் கையால் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்படியானால் அவளுக்கும் தெரியாது.

பொருத்தனை என்றால் ஆபத்தில் ஆண்டவரிடம் சொல்லிவைக்கிற வாக்கு. ஒருவர் மோதிரம் தருவார், ஒருவர் கோயிலுக்கு நாற்காலி வாங்கிப் போடுவார். ஆளையே தருவது பழைய கதைகளில்தான். கோயிலில் மணி அடிப்பது, பெருக்குவது, விளக்குப் போடுவது எல்லாம் செய்கிறவரைக் கோயில்குட்டி என்பார்கள். நன்மைபுரத்துக் கோயில்குட்டி வயதாகி இறந்த பிறகு அந்த வேலைக்கு ஒருவரும் வரவில்லை. பெருக்குவதைப் பெண்கள் முறைவைத்துச் செய்தார்கள். காலை மணிக்கு வாலிபர் சங்கத்தார் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். செல்போனில் இருக்கிற மணிச்சத்தத்தை ஒலிபெருக்கிக் குழாயில் போட்டுவிடுவார்கள். ஒருநாள் மணிக்கு நடுவில் ஒரு பெண்ணின் குரல் வந்து, உங்களுக்கு லோன் வேண்டுமா என்று ஊர் முழுவதையும் கேட்டது. அதிலிருந்து ஐயருக்கு மணி அடிக்க ஓர் ஆள் வேண்டும் என்கிற கவலை அதிகமாயிற்று.

ஆள் கிடைத்துவிட்டார். ஆனால் அந்த ஆளுக்கு என்ன ஆசை இருந்தது என்று கேட்டவர் ஒருவரும் இல்லை.

தேவிரக்கத்தின் அப்பா செங்கல் சூளையில் வேலை பார்த்தார். பையன் பன்னிரண்டாவது முடித்த வருசம் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, கூட்டாளிகளோடு வேடிக்கை பார்க்கப் போனான். ஓடச் சொன்னார்கள், ஓடினான். நெஞ்சை விரிக்கச் சொன்னார்கள், விரித்தான். கூடப் போனவர்கள் திரும்பி வந்தார்கள், இவன் வரவில்லை. டிரைவர் வேலை பழக்கினார்கள். வடக்கே அவர் பெயர் ஒருவர் வாயிலும் நுழையவில்லை. தேவி, தேவி என்று கூப்பிட்டார்கள். அது பெண்பிள்ளைப் பெயர் என்று தெரிந்தே கூப்பிட்டார்கள். இவரும் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டார்.

பட்டாளத்தை அவர் ஒருநாளும் குறை சொன்னதில்லை. சூளைக்காரர் மகனுக்கு மூன்று வேளைச் சோறு, ஓட்டு வீடு போய்க் காங்கிரீட் வீடு, பீடி சுற்றிக்கொண்டிருந்த எப்சிபாவுக்கு நிமிர்ந்து உட்கார ஒரு முதுகு, மகளுக்குப் படிப்பு. எல்லாம் அந்தச் சோற்றில் வந்தது. சாப்பிட உட்காரும்போது கண்ணை மூடி அவர் சொல்லுகிற ஜெபத்தில் ஆண்டவருக்கு அடுத்தபடி பட்டாளத்துக்குத்தான் நன்றி. ஒன்றே ஒன்றுதான் அவருக்கு ஆகாது. விசில். விடியும் முன் விசில், வரிசைக்கு விசில், சாப்பாட்டுக்கு விசில். ஓய்வு பெற்று வந்த அன்றைக்கே கைக்கடிகாரத்தைக் கழற்றி மகளிடம் கொடுத்துவிட்டார். தென்காசியில் இரண்டு பேங்க்காரர்கள் காவல் வேலைக்குக் கூப்பிட்டார்கள். யூனிபாரம் உண்டா என்று கேட்டார், உண்டு என்றதும் வேண்டாம் என்றுவிட்டார். பழக்க தோஷத்தில் விடிவதற்கு முன்பே விழிப்புத் தட்டிவிடும். ஆனாலும் எழுந்திருக்க மாட்டார். விழித்துக்கொண்டே படுத்துக் கிடப்பார். சுதந்திரம் என்றால் அவருக்கு அதுதான். அதையும் பார்த்து எப்சிபா வயிற்றுக்குள் ஒன்றை வைத்துக்கொண்டு பேசாமல் இருந்திருக்கிறாளே, அதுதான் ஆச்சரியம்.

ஆராதனை முடிந்து வாசலில் ஏலம் தொடங்கியது. சாரலுக்குக் குடையைப் பிடித்துக்கொண்டு நின்ற பெண்கள், மிலிட்டரிக்காரர் எந்த வரிசையில் ஏலத்துக்கு வருவார் என்று கேட்டுச் சிரித்தார்கள். ஒருத்தி, ஒரு தேங்காய்க்கு எடுத்துக்கொள்கிறேன், ஆனால் திரும்பக் கொண்டுவிட மாட்டேன் என்றாள். தேவிரக்கம் மனைவியின் கையைப் பிடித்துக் கோயிலின் பின்பக்கம் வேப்பமரத்துக்குக் கீழே கூட்டிக்கொண்டு போனார். ஜாயும் பின்னாலேயே ஓடிவந்தாள்.

"ஏட்டி, எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேட்டா வேண்டாம்னுல்லா சொல்லுவிய."

"சொல்லத்தான் செய்வேன். நான் என்ன நேந்துவிட்ட கிடாவா?"

"கிடாவுக்கு ஒரு நாள்ல முடிஞ்சுபோவும். உங்களை யாரு வெட்டுதா? கயித்தைத்தான இழுக்கச் சொல்லுதேன்."

வேதத்தில் பெற்ற பிள்ளையைப் பொருத்தனை பண்ணின தாய் உண்டு, கட்டின புருசனைப் பண்ணினவள் எங்கேயாவது உண்டா என்று அவர் கேட்டார். பிள்ளை வீட்டில் பத்திரமாகத்தான் இருந்தது, பனிக்குள் கிடந்தது புருசன், வேறு யாரைப் பண்ணுவது என்று அவள் கேட்டாள். எப்சிபா நல்ல மனசுக்காரி. ஊரில் யார் வீட்டுக் காய்ச்சலுக்கும் கஞ்சி இவள் அடுப்பிலிருந்துதான் போகும். ஆனால் ஒன்றைப் பிடித்தால் விடமாட்டாள். இந்த வாக்கை மட்டும் பதினோரு வருசமாகப் பிடித்துக்கொண்டிருந்தாள். இனி விடுவாள் என்று நினைக்கிறவர்களுக்கு அவளைத் தெரியாது.

அப்போதுதான் ஐயர் குடையோடு வந்தார். இளவயதுக்காரர், மாற்றலாகி வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. கைக்கு வந்த ஆளை வேண்டாம் என்று சொல்ல அவருக்கும் மனசில்லை. ஆனாலும் மனசாட்சி உள்ள மனிதர். இரண்டு தடவை தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார். வேதத்தில் இதற்கென்றே ஒரு சட்டம் இருக்கிறது. மனைவி பண்ணின பொருத்தனையைக் கணவன் கேள்விப்படுகிற அன்றைக்கே வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அது செல்லாது. ஆண்டவர் அவளை மன்னித்துவிடுவார். அன்றைக்குப் பேசாமல் இருந்துவிட்டால் அது நிலைத்துவிடும். அதற்கப்புறம் மாற்ற முடியாது.

"இன்னைக்கிப் பொழுது அடையுறதுக்குள்ள" என்றார் ஐயர்.

எப்சிபாவின் முகம் வெளுத்துப்போயிற்று. பிறந்த நாள்முதல் கோயிலுக்குப் போகிறாள், எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறாள். இப்படி ஒரு சட்டம் இருப்பதாக ஒரு ஐயரும் பிரசங்கம் பண்ணினதில்லை. தான் இத்தனை வருசம் இரும்பென்று பிடித்திருந்தது புருசனுடைய ஒரு வார்த்தையில் போய்விடும் என்பதை அவளால் நம்ப முடியவில்லை.

"சொல்லிருவியளா?" என்று கேட்டாள்.

தேவிரக்கம் நேரே போய்ப் பைக்கை எடுத்தார். ஜாய் கூப்பிட்டதைக்கூடக் காதில் வாங்கவில்லை. குற்றாலத்துக்குப் போய்விட்டார்.

ஏன் குற்றாலம் என்றால், வேறு எங்கே போவது? தலையில் தண்ணீர் விழுந்தால் புத்தி தெளியும் என்று அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சின்ன வயதிலேயே சொல்லிவைத்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை, சீசன் உச்சம். அருவிக்கரை முழுக்கத் தலை. எண்ணெய் வழிகிற முதுகுகளுக்கு நடுவே அவரும் சட்டையைக் கழற்றிக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றார். காவலுக்கு நின்ற போலீஸ்காரர் குளித்தது போதும், அடுத்த ஆளை விடு என்று நீளமாக விசில் அடித்தார். கூட்டத்தில் ஒருவரும் அசையவில்லை. தேவிரக்கம் மட்டும் குதிகால் இரண்டும் சேர, கை தொடையோடு ஒட்ட, நேராக நிமிர்ந்து நின்றார்.

நின்ற பிறகுதான் தெரிந்தது நின்றது. பக்கத்தில் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தவர் பார்த்துச் சிரித்தார். தேவிரக்கம் கையில் இருந்த சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார். கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்தது என்ன பிரயோஜனம்? இந்த உடம்பைத் தனக்கு யாரும் இன்னும் திருப்பித் தரவே இல்லையே என்று நினைத்தார். அருவிக்குக் கீழே போகாமலே திரும்பிவிட்டார்.

கார் நிறுத்தும் இடத்துக்குப் பக்கத்தில் மசூது கடை வைத்திருந்தான். துண்டு, எண்ணெய்ப் பாக்கெட், நேந்திரங்காய் வற்றல். இரண்டு பேரும் தென்காசியில் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். மசூது பத்தாவதோடு சவூதிக்குப் போய், முடி நரைத்த பிறகு திரும்பி வந்தவன்.

"என்னவே மிலிட்டரி, பண்டிகை அன்னைக்கி அருவிக்கு வந்திருக்கேரு? ஐயர் வெரட்டிட்டாரா?"

தேவிரக்கம் நடந்ததைச் சொன்னார். மசூது சிரித்த சிரிப்பில், துண்டு வாங்க வந்தவர்கள் துண்டைக் கீழே வைத்துவிட்டு நின்றார்கள். விற்பனைக்கு வைத்திருந்த துண்டை எடுத்தே கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"எங்க வாப்பா என்னைச் சவூதிக்கு அனுப்பையில எங்கிட்டக் கேட்டாரா? டிக்கெட்டைக் கையில குடுத்து, நாளைக்கிப் பிளேன்னாரு. ஒமக்காவது மைக்குல சொல்லி, ஊரு சாட்சியாக் குடுத்திருக்காவ. மரியாதையான வீடுவே."

தேவிரக்கம் சிரிக்கவில்லை. ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். யாரிடமும் சொல்லாத ஒன்றை அப்போது சொன்னார். பனி சரிந்த அன்றைக்கு லாரியில் அவர் தனியாக இல்லை. பக்கத்து சீட்டில் குர்மீத் இருந்தான், பஞ்சாபிக்காரன், இரண்டாவது டிரைவர். வண்டி கவிழ்ந்து, கண்ணாடி வெள்ளையாகி, பிறகு கறுப்பாகிவிட்டது. இரண்டு பேரும் உயிரோடுதான் இருந்தார்கள். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது, குரல் மட்டும் கேட்கும். குர்மீத் பயப்படவே இல்லை. தேவி, கவலைப்படாதே, எங்கள் வீட்டுக்காரி குருத்துவாராவில் உட்கார்ந்துவிடுவாள், கேட்டதை வாங்காமல் எழுந்திருக்க மாட்டாள், நம்மை எடுத்துவிடுவார்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னான். தன் பெண்குழந்தைக்கு முன்பல் விழுந்ததைச் சொன்னான். பேசிக்கொண்டே இருந்தவன் ஒரு சமயத்தில் பேச்சை நிறுத்திவிட்டான். அப்புறம்தான் மண்வெட்டிச் சத்தம் கேட்டது.

மசூது துண்டை மடித்தான். மடித்ததைப் பிரித்தான்.

"இதை வீட்ல சொல்லிருக்கேரா?"

"இல்ல."

"கூட ஒருத்தர் இருந்தாருன்னாவது?"

"ஒத்தையா மாட்டிக்கிட்டேன்னுதான் சொல்லிருக்கேன்."

"அப்பம் அவுகளுக்குத் தெரியாத ஒண்ணை வச்சுல்லா அவுக மேல கோவப்படுதேரு. போவும்வே வீட்டுக்கு. பொழுது சாஞ்சா ஒம்ம சட்டம் செல்லாதுங்கேரு, இங்கன உக்காந்து வத்தலைத் திங்கேரு."

அவர் வீட்டுக்கு வந்தபோது ஐயர் முன்னறையில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். ஜாய்தான் போய்க் கூப்பிட்டுக்கொண்டு வந்திருக்கிறாள். அப்பா என்ன சொன்னாலும் சாட்சிக்கு ஆள் வேண்டும் என்பது அவள் எண்ணம். எப்சிபா பண்டிகைச் சேலையைக்கூட மாற்றவில்லை. காலையில் ஊருக்கு முன்னால் நிமிர்ந்து நின்றவள், சுவரோரம் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

தேவிரக்கம் நின்றுகொண்டே குர்மீத்தைப் பற்றிச் சொன்னார். கடையில் சொன்னதைவிடக் குறைவாகத்தான் சொன்னார், ஆனால் பல் விழுந்த குழந்தையைச் சொன்னார். எப்சிபா தலையைத் தூக்கி அவரையே பார்த்தாள். பதினோரு வருசம் ஒரு வண்டியில் ஒரு ஆளை நினைத்து நன்றி சொல்லியிருக்கிறாள். இன்னொரு ஆள் அதே வண்டியில் இருந்திருக்கிறான்.

"இப்பம் சொல்லுதேன் கேளு" என்றார் அவர். "நீ பண்ண பொருத்தனை எனக்கு வேண்டாம்."

"சொல்லிராதிய" என்று எழுந்துவிட்டாள் எப்சிபா. அப்போதுதான் அவள் வயிற்றுக்குள் இருந்தது வெளியே வந்தது. "உங்களைத் திரும்ப எடுத்துக்கிட்டாருன்னா நான் என்ன செய்வேன்? குடுக்கேன்னு சொல்லி வாங்கிட்டு, குடுக்க மாட்டேன்னு சொன்னா விடுவாரா? தெனமும் நீங்க படுத்துக் கிடக்கதைப் பாத்து எனக்கு ஈரக்கொலை நடுங்குது. இன்னும் குடுக்கலியே, இன்னும் குடுக்கலியேன்னு."

"குர்மீத் பொண்டாட்டியும்தான் கேட்டா. அவளும் என்னமோ தாரேன்னுதான் சொல்லியிருப்பா. நீ மணி அடிக்க ஆள் தாரேன்னதுக்கு என்னை விட்டாருன்னா, அவ என்ன, கொறச்சுக் கேட்டுட்டாளா? கர்த்தர் என்ன ஏலமா போடுதாரு?"

ஐயர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, கேட்டுக்கிடுங்க" என்றார் தேவிரக்கம். "எனக்கு நன்றி உண்டு. பட்டாளத்துக்கு உண்டு, இவளுக்கு உண்டு, ஆண்டவருக்கு உண்டு. ஆனா என்னை யாரும் விலைக்கு வாங்கல. இந்தப் பொருத்தனையை நான் வேண்டாம்னு சொல்லுதேன்."

அவர் சொல்லி முடித்ததும் எல்லாரும் ஜன்னலைப் பார்த்தார்கள். மலை முழுவதும் மேகம். சூரியன் இருக்கிறதா, விழுந்துவிட்டதா என்று ஒருவருக்கும் தெரியவில்லை. ஜாய் செல்போனில் பார்த்து, இன்னும் அடையவில்லை என்றாள். நீங்கள் வேண்டாம் என்றது செல்லும், என்றார் ஐயர். அவர் குரலில் கொஞ்சம் வருத்தமும் இருந்தது. மணிக்கு ஆள் போயிற்றே.

எப்சிபா சண்டை போடவில்லை. அதுதான் தேவிரக்கத்தைத் திடுக்கிட வைத்தது. சேலை முந்தானையை இடுப்பில் சொருகினாள். பிறகு, "சோறு வைக்கட்டா?" என்று கேட்டாள். அவ்வளவுதான். சாப்பிடும்போது யாரும் யாரையும் பார்க்கவில்லை.

மறுநாள் வழக்கம்போல விடியும் முன்பே அவருக்கு விழிப்புத் தட்டியது. படுத்தே கிடந்தார். குழாயில் செல்போன் மணி அடித்து ஓய்ந்தது. இனி அவரை எழுந்திருக்கச் சொல்ல உலகத்தில் ஒருவரும் இல்லை. மனைவி கொடுத்த வாக்கும் இல்லை, விசிலும் இல்லை. பக்கத்தில் எப்சிபா, வெகுநேரம் புரண்டுவிட்டு அப்போதுதான் அயர்ந்திருந்தாள். கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தவருக்கு, படுத்துக் கிடப்பதில் நேற்றுவரை இருந்த ருசி இல்லாமல் போயிருந்தது. எதை எதிர்த்துப் படுத்துக் கிடப்பது?

நன்றாக வெளிச்சம் வந்த பிறகு எழுந்தார். பனியனும் இடுப்பில் கட்டிய சாரமுமாகவே நடந்து கோயிலுக்குப் போனார். மணிக்கூண்டுக் கதவு பூட்டுவதில்லை. கயிறு மேலே ஆணியில் சுற்றிக் கிடந்தது. அவிழ்த்தார். கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டே நின்றார். பிறகு இழுத்தார். ஒன்று அடித்து, அதன் ரீங்காரம் அடங்கும்வரை விட்டு, மறுபடி ஒன்று.

அந்த ஊரில் காலை மணி என்றால் கடகடவென்று அடிக்க வேண்டும். விட்டு விட்டு ஒவ்வொன்றாக அடித்தால் சாவு மணி. குழாய் வந்த பிறகு உண்மையான மணியைச் சாவுக்கு மட்டும்தான் தொடுகிறார்கள். அதனால் இரண்டாவது மணி விழும்போதே நன்மைபுரத்தில் எல்லா வாசலும் திறந்துவிட்டது. பல்தேய்க்கிற பிரஷ்ஷோடு ஓடிவந்தார்கள். யார், யார் என்று ஒருவரை ஒருவர் கேட்டார்கள். படுக்கையில் கிடக்கிற பெரியவர் வீட்டுக்கு நான்கு பேர் ஓடினார்கள். அவர், நான் இங்கனதான்லே கிடக்கேன், ஏன் இப்படி எட்டிப் பாக்கிய என்று ஏசினார். கோயில் வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. உள்ளே எட்டிப் பார்த்தவர்கள், கயிற்றைப் பிடித்திருப்பவரைப் பார்த்துவிட்டு, கதவோரமாகவே நின்றுவிட்டார்கள்.

அப்போது கூட்டத்தை இடித்துக்கொண்டு எப்சிபா வந்தாள். செருப்பு இல்லை. முடி அவிழ்ந்து கிடந்தது. கணுக்கால்வரை சேறு. விழித்தபோது பக்கத்துப் பாய் வெறுமையாக இருந்திருக்கிறது. காதில் சாவு மணி விழுந்திருக்கிறது. நேற்று இவர் வேண்டாம் என்று சொன்னார், இன்றைக்கு ஆண்டவர் எடுத்துக்கொண்டார் என்றுதான் அவள் அத்தனை தூரமும் ஓடிவந்திருக்கிறாள். வாசலில் நின்று, கயிற்றோடு நிற்கிற புருசனைப் பார்த்தாள். பார்த்தும் அவள் கண் நம்பவில்லை. நிலையைப் பிடித்துக்கொண்டு, காற்று போதாதவள்போல வாயைத் திறந்து நின்றாள்.

தேவிரக்கம் கயிற்றை விட்டுவிட்டார். பனி மூடிவிட்டது என்று போனில் செய்தி வந்த அன்றைக்கு அவள் எப்படி இருந்திருப்பாள் என்று அவர் ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. அவர் பனிக்குள் இருந்தார். அவள் வெளியே இருந்தாள். வெளியே இருந்தவளுக்கு என்ன கஷ்டம் என்றே நினைத்திருந்தார். இப்போது அந்த முகத்தைப் பார்த்துவிட்டார். அன்றைக்கு அந்த முகத்தோடு நின்ற ஒருத்தி, தன் கண்ணுக்குத் தெரிந்த முதல் கயிறாகப் பொருத்தனையைப் பிடித்துக்கொண்டாள். அவள் மேல் இருந்த கோபம் எங்கே போயிற்று என்று தேடினாலும் கிடைக்கவில்லை.

"யாருக்கு அடிக்கிய?" என்று கேட்டாள்.

"குர்மீத்துக்கு. நம்ம ஊர்ல அவனுக்கு யாரும் அடிக்கலல்லா."

கூட்டத்தில் ஒருவருக்கும் விளங்கவில்லை. யாரது, எந்தத் தெரு, எப்போது என்று ஒரு பெரியவர் கேட்டார். பதினோரு வருசம் ஆகிறது என்றதும் அவர் மேலும் குழம்பிப்போனார். எப்சிபா முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். மூச்சு ஒரு நிலைக்கு வந்ததும் உள்ளே வந்தாள்.

"இவ்வளவு வேகமாவா அடிப்பாவ? ஆம்பளை ஆளுக்கு இன்னும் விட்டு அடிக்கணும்" என்றாள். "நான் சொல்லுத நேரம் இழுங்க."

அவள் கையை அசைக்க அசைக்க அவர் இழுத்தார். முடிந்த பிறகு ஐயர் மெதுவாகப் பக்கத்தில் வந்து, நாளைக்கும் வருவீர்களா என்று கேட்டார்.

"அதை நாளைக்கிக் கேளுங்க ஐயா" என்றார் தேவிரக்கம். "கேட்டா யோசிச்சுச் சொல்லுதேன்."

ஐயர் கேட்கவேண்டிய தேவை வரவில்லை. எப்சிபா கேட்கிறாள். வெளிச்சம் வரும் நேரத்தில் பாய்க்குப் பக்கத்தில் வந்து நின்று, இன்னைக்கிப் போறியளா என்று ஒரே ஒரு தடவை கேட்பாள். முக்கால்வாசி நாள் எழுந்து போகிறார். அவர் போகிற நேரம்தான் ஊருக்குக் காலை மணி, அது ஆறுக்கும் வரும், ஏழுக்கும் வரும். சில நாள் வேண்டாம் என்று போர்வையை இழுத்து மூடிக்கொள்கிறார். அன்றைக்கு அவள் முணுமுணுத்துக்கொண்டே வாலிபர் சங்கத்துக்குப் போன் போட்டு, குழாயில் மணியைப் போடச் சொல்கிறாள்.